வலிக்கிறது என்று சொல்ல ஓர் ஆள்

என் முதல் சாட்சியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சுகமளிக்கும் கூட்டத்தில் மைக்கில் சொன்னேன். கைதட்டினீர்கள். அது பொய். இது இரண்டாவது, எழுத்தில். இதற்குக் கைதட்ட வேண்டாம், கேட்டால் போதும்.

நான் லுணுகலை–பதுளை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறேன். மனைவி புஷ்பா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். என் வாய்க்கு ஓய்வே கிடையாது என்பது பசறை வரைக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேரைத் திணித்து, அந்த மூன்று பேரையும் சிரிக்கவும் வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு வந்தது, சொன்னால் யாரும் நம்பாத ஒரு நோய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம். முதலில் கழுத்து. பிறகு தோள், இடுப்பு, தொடை. யாரோ என்னை உலக்கையால் இடித்துவிட்டுப் போனது போல் காலையில் எழும்புவேன். தூங்கித்தான் இருப்பேன், களைப்பு மட்டும் போகாது. பஸ்ஸின் மேல் கம்பியைப் பிடிக்கக் கை உயராது. வருடக்கணக்காகக் கூவிய ஊர்ப்பெயர்களே மறந்து போகும். ஒருநாள் பசறையில் நின்றுகொண்டு, "இது எந்த ஊரு?" என்று பயணிகளிடமே கேட்டேன். வழக்கமான பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள். அழுதுவிடக் கூடாதே என்று நானும் சிரித்தேன்.

இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு டொக்டர் என்னைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு, "ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. மனச லேசா வச்சுக்குங்க" என்றார். எனக்கு வந்த கோபம்! என் மனசு லேசாகத்தான் இருந்தது ஐயா, கனத்தது இடுப்பு. ரிப்போர்ட் அவ்வளவு நன்றாக இருந்தால் நாளைக்கு அதையே பஸ்ஸில் டிக்கெட் போட அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு ஊரே டொக்டர். ஒருவர் கொடுத்த எண்ணெயின் வாசத்தில் முன் சீட்டுகள் காலியாயின. இன்னொருவரின் கஷாயத்தால் பஸ்ஸை நடுவழியில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று. பதுளையில் கோட் போட்ட ஒருவர், எந்த வலியையும் இழுத்து எடுத்துவிடும் என்று ஒரு காந்தக் காப்பை என் கையில் மாட்டிவிட்டார். அது வலியை இழுக்கவில்லை, சில்லறையை இழுத்தது. மிச்சக் காசு கொடுக்கக் கையை நீட்டினால் காசு மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். "இந்தாளு கைய விட்டு காசு போகவே மாட்டேங்குதே!" என்று ஓர் அம்மா கத்த, அன்றைக்கு முழு பஸ்ஸும் எனக்குத் திருடன் பட்டம் கட்டியது. இப்போது சொன்னால் சிரிப்பு. ஆனால் வலியில் துடிக்கிறவனிடம் இரும்பை மருந்தென்று விற்கிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்து மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் இடுப்பில் கை வைத்து, "விட்டுப் போச்சு! நம்புறவன் ஓடு!" என்றார். கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. புஷ்பா அழுதுகொண்டிருந்தாள். பார்க்க ஆட்கள் இருந்தால் எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. ஓடினேன். போகிற பஸ்ஸை ஓடிப் பிடிப்பது என் தொழில், நன்றாகவே ஓடினேன். ஓடும்போது வலி தெரியவில்லை என்பதும் உண்மை. மைக்கை நீட்டினார்கள். "பூரண சுகம்!" என்றேன்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறக்க, புஷ்பா என் இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நம் சபையில் மூத்தவர் எஸ்தர் அக்கா. அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "வலிக்குதுன்னு வாயால சொல்லாதீங்க தம்பி. சொன்னா கெடச்ச சுகம் போயிரும். மாத்திர போடுறதும் அவிசுவாசம்தான்" என்றார். நானும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வலி மாத்திரை நின்றது. சுடுதண்ணீர் ஒத்தடம் நின்றது. வீட்டுக்குள் முனகுவதும் நின்றது, லயத்தில் பக்கத்துச் சுவருக்குக் கேட்டுவிடுமே!

பசறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் எஸ்தர் அக்கா தினமும் என் பஸ்ஸில்தான் வருவார். ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம், "இந்தத் தம்பியப் பாருங்க, படுத்த படுக்கையா கெடந்தவரு! தம்பி, கையத் தூக்கிக் காட்டுங்க!" என்பார். தூக்கிக் காட்டுவேன். கண்ணில் தண்ணீர் வரும். "சந்தோஷத்துல அழுவுறாரு" என்பார் அக்கா.

நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தது யார்? ஆண்டவர் தம்முடைய காயங்களை மறைத்தாரா? காட்டினார் அல்லவா? நாம் மட்டும் ஏன் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு அல்லேலூயா சொல்ல வேண்டும்? இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு வைத்திருக்கிறேன். கட்ட வந்தவர்களிடம் வாயைக் காட்டியவன் நான்.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்து மணி. வெறும் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் இந்த வேலையைச் செய்ய என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை பிடித்தேன். "ஆண்டவரே, ஒங்களுக்காக ஓடுனேன், பொய் சொன்னேன், போதும். சுகம் தராட்டியும் பரவாயில்ல. வலிக்குதுன்னு சொல்ல ஒரே ஒரு ஆளத் தாங்க. அதுகூட ஒங்களால முடியாதா?"

சத்தமாகவே கத்தியிருக்கிறேன். முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் டிரைவர் ரவூப் நானா (அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்) ஈரத் துணியோடு வந்து நின்றார்.

"எனக்கிட்ட சொல்லு."

"ஒண்ணுமில்ல நானா, சுகமாத்தான் இருக்கேன்."

"சுகமா? நீ சுகமான நாள்ல இருந்துதான் கெழவன் மாதிரி நடக்கிறாய். எல்லா நாளும் கண்ணாடில பாத்துக்கிட்டுத்தானே வாறன். நோவுதுண்டு சொன்னா என்னடா கொறஞ்சு போகும்?"

சொன்னேன். கழுத்து, தோள், இடுப்பு, தொடை, ஒன்றையும் விடவில்லை. முதல் ட்ரிப் பத்து நிமிடம் பிந்தியது. அவர் மனைவிக்கும் இதே பாடுதானாம், பதுளையில் ஒரு கிளினிக்கில் காட்டுகிறார்களாம். அடுத்த கிழமை அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சபை நிறைய ஆட்கள் இருக்க, ஆண்டவர் எனக்கு அனுப்பியது விடியற்காலை சுபஹு தொழுகையை முடித்துவிட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்த ரவூப் நானாவை. ஆண்டவருக்கும் பகிடி தெரியும்.

அந்த கிளினிக்கின் பெண் டொக்டர் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடமெல்லாம் கத்தினேன். "இது நெசமான வலிதான். இதுக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரும் இருக்கு" என்றார்.

"அப்ப நான் நடிக்கலையா டொக்டர்?"

"இல்ல. வலி இல்லாத மாதிரித்தான் நடிச்சிருக்கீங்க."

அந்த இடத்திலேயே அழுதேன். இதை வேரோடு பிடுங்கும் மருந்து இல்லை, இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னார். அதோடு சேர்த்து தினமும் மெதுவான நடை, உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி, சுடுதண்ணீர் ஒத்தடம், படுக்கும் முன் மூச்சுப் பயிற்சி. எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கிறதா, மெல்லத் தேய்க்கலாம். ஊசி குத்தும் வைத்தியம் என்றால் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும். பயிற்சி வகுப்பில் எல்லோரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். பாயில் படுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். மூன்றாவது மூச்சில் குறட்டை விட்டேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம் அதுதான்.

மூன்று மாதத்தில் கம்பியைப் பிடிக்கக் கை உயர்ந்தது. வலி போய்விடவில்லை, குறைந்தது. வேலையில் நிற்கிறேன். ஆனால் அந்தப் பொய் மட்டும் சபையில் சுகமாக நடமாடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனையில் எழும்பினேன். "நான் சுகமாகல. அன்னைக்கு ஓடுனது நான்தான், ஆண்டவர் ஓட வைக்கல. இப்ப மாத்திர போடுறேன்" என்றேன். எஸ்தர் அக்கா "அவிசுவாசம்!" என்று சொல்லி எழுந்து வாசலுக்குப் போனார். பின்னாலேயே இன்னும் நாலு பேர். அப்போது என் பக்கத்தில் வந்து நின்றாள் புஷ்பா. சபையில் வாயே திறக்காதவள்.

"இவரு பொய் சொன்னப்ப எல்லாரும் கை தட்டுனீங்க. உண்மையச் சொல்றப்ப எந்திரிச்சுப் போறீங்க. என்னா ஞாயம் இது?"

பாஸ்டர் ஐயா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். பிறகு, "எங்கெங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. ஒவ்வொரு எடத்துக்கும் ஜெபம் பண்ணுவோம்" என்றார். சொன்னேன். பாவம், ஐயா களைத்துவிட்டார்.

எஸ்தர் அக்கா இரண்டு மாதம் வேறு பஸ்ஸில் போனார். போன கிழமை எங்கள் பஸ்ஸில் ஏறினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்றும் பேசவில்லை. நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இன்னைக்கு எங்க வலி?"

"எடது தோள் அக்கா. ஒங்களுக்கு?"

டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "முழங்கால். அஞ்சு வருஷமா" என்றார். இதையெல்லாம் சபைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். இறங்கும்போது, "எழுதுங்க தம்பி, எம்பேரையும் போட்டே எழுதுங்க" என்றார். அதனால்தான் எழுதினேன்.

ஆண்டவருக்கு நன்றி. ஓர் ஆளைக் கேட்டேன், இப்போது கேட்பதற்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள். வலியோடு இருக்கிற சகோதரரே, சகோதரியே, மருந்தை நிறுத்தாதீர்கள். சுகமானது போல் நடிப்பதை நிறுத்துங்கள். அது அவருக்குத் தேவையில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு சொல்லுங்கள். அவர் தாங்குவார். கத்திப் பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள். ஆமென்.