அது படிக்குது, கலைக்காதீங்க

எந்தக் கம்ப்யூட்டர் போர்டைத் தொடுவதற்கு முன்பும் ஈவ்லின் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். சுவரோரமாக மண்ணுக்குள் இறங்கும் பழைய இரும்புக் குழாய் அது. வலது கையின் நான்கு விரல்களையும் அதில் வைத்து, இரண்டு நொடி நின்று, பிறகுதான் பெட்டியைத் திறப்பாள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் விரல் வழியாகப் பாய்ந்தால் போர்டில் ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் செத்துப்போகுமாம். பதினொரு வருடப் பழக்கம். இப்போதெல்லாம் பக்கத்துக் கடைக்காரரின் கைக்குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும் அவள் கை இரும்பைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நற்கருணை வாங்க எழும்போது பெஞ்சின் இரும்புக் காலைத் தொட்டுவிட்டு எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஈவ்லின் என் தங்கை. வயது முப்பத்து நான்கு. ஏற்காடு கடைவீதியில் எங்களுக்கு ஓர் அறைக் கடை. முன்பாதியில் நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவள். லாட்ஜுகளின் பில் போடும் கம்ப்யூட்டர், எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் பிரிண்டர் எல்லாம் அவளிடம்தான் பழுதுக்கு வரும். ஆனால் அவள் பெயர் வெளியூரில் தெரிவது வேறொரு வேலைக்காக. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எல்லா உறுப்புகளையும் தாங்கி, ஒன்றோடொன்று பேசவைக்கும் பெரிய பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். விலை உயர்ந்த மதர்போர்டு புதிதாக வந்தால் கம்பெனிக்காரர்கள் ஒன்றை இவளுக்கு அனுப்பிவைப்பார்கள். இவள் சோதித்து, ஓர் இணையதளத்தில் தமிழில் எழுதுவாள். கட்டுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "வாங்கலாம்." அல்லது "வாங்க வேண்டாம்." அந்த ஒரு வரிக்காக மதுரையிலும் தூத்துக்குடியிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் அனுப்பும் கடிதங்களை அவள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

வீடியோ எடுத்துப் போடச் சொல்லி அந்த இணையதளத்துக்காரர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். "போர்டு மூஞ்சியக் காட்டுனாப் போதாதுங்களா, எம் மூஞ்சி எதுக்குங்க?" என்று சொல்லி ஒதுக்கிவிட்டாள்.

திரையைத் தாண்டி உள்ளே போவதற்கு முன் நான் சட்டையை உதறியாக வேண்டும். "நூலு, நூலு!" என்று கத்துவாள். நான் உதறிய பிறகும் தோளில் ஒரு பிசிறைக் கண்டுபிடித்து எடுப்பாள்.

புது போர்டு வந்தால் முதலில் அதற்கு மின்சாரம் கொடுக்கமாட்டாள். மூளையாகிய பிராசஸர் உட்காரும் சதுரக் குழியில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, என்னுடைய பூதக்கண்ணாடியால் அவற்றை வரிசை வரிசையாகப் பார்ப்பாள். ஒருமுறை என்னையும் பார்க்கச் சொன்னாள். வெல்வெட் துணியைத் தடவியதுபோல் வெளிச்சம் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. ஓர் ஊசி வளைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெல்வெட் எதிர்ப்பக்கம் கலைந்ததுபோல் இருண்டு தெரியும். அது எனக்கும் புரிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. விலை உயர்ந்த போர்டுகளின் மேல்மூடியில் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் நகம் துறுதுறுக்கும். ஈவ்லின் அதை உரிக்கமாட்டாள், உரிக்க விடவும் மாட்டாள். "வாங்கலாம்" என்று எழுதிய பிறகுதான் ஒரு மூலையில் பிடித்து, ஒரே இழுப்பில் உரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் திரைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தீர்ப்பு தெரிந்துவிடும்.

அவள் மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: "அது படிக்குது, கலைக்காதீங்க." இந்தக் காலத்துப் போர்டுகளை முதன்முறை இயக்கும்போது, தன்னில் செருகியிருக்கும் ரேம் என்ற நினைவுப் பட்டைகளோடு எப்படிப் பேசுவது என்று அது பழகிக்கொள்ளுமாம். அதுவரை கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருக்கும். ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். சில நிமிடங்கள் ஆகும். ஆட்கள் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மறுபடி போட்டால் அது முதலிலிருந்து தொடங்கும். மறுபடி பிடுங்குவார்கள். பிறகு செத்துப்போச்சு என்று பையில் போட்டு இவளிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "படிக்கற புள்ளயக் கூப்ட்டு கூப்ட்டுக் கடைக்கு அனுப்புனா அது எங்கீங்க பாஸாகும்?" என்பாள்.

நவம்பர் கடைசியில் வந்த போர்டுதான் அவளை வாட்டி எடுத்துவிட்டது. பக்கத்துக் கடைத் தராசில் ஒன்றே முக்கால் கிலோ இருந்தது. கறுப்பு இரும்பு மூடி, மூலைகளில் வெள்ளிக் கோடு. ஒரு கறவை மாட்டின் விலை. முதல் நாள் மத்தியானம் எல்லாச் சோதனையிலும் ஓடி ஜெயித்தது. ஈவ்லினே சிரித்தாள்.

அந்த போர்டுக்காக மேனகா காத்திருந்தார். எங்கள் மலையிலேயே இருக்கும் கொட்டச்சேட்டில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர் அவர். அங்கே பகலில் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால் விடிகாலை நாலரைக்கு எழுந்து எட்டு மணிவரை வேலை பார்ப்பார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் பாதி வீடியோவில் நின்றுவிடுகிறது. ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் வாரத்துக்கு ஒருமுறை வந்து திரையை விலக்கி எட்டிப் பார்ப்பார்.

"ஏங்கண்ணு, இன்னுமா உம் போர்டு படிச்சு முடிக்கல? எம் பையன் பன்னெண்டாவதே முடிச்சுட்டான்."

"முடிக்கட்டுங்க்கா. அவசரப்பட்டு வாங்கிப்போட்டு அப்பறம் என்னையத் திட்டக்கூடாது."

"தை பொறந்தா வீடியோ வந்து குவிஞ்சுரும் கண்ணு. நீ ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே வாங்கிடறேன்." பேசிக்கொண்டே மூடியின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளின் மூலையை நகத்தால் தூக்கிவிட்டார். ஈவ்லின் பட்டென்று அவர் கையில் ஒன்று வைத்தாள்.

மத்தியானம் ஓடிய போர்டு விடிகாலையில் எழவில்லை. ரேம் பட்டைகள் நான்கையும் செருகி, ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலை ஐந்து மணிக்குப் போட்டால் மஞ்சள் விளக்கு எரியும். எரிந்துகொண்டே இருக்கும். கால் மணி நேரம் காத்திருப்பாள். திரை கறுப்பு. வெயில் வந்து அறை சூடேறிய பிறகு போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.

குளிர்தான் காரணம் என்று அவள் அன்றைக்கே சந்தேகப்பட்டாள். சந்தேகத்தை எழுத முடியாது என்றாள். ஒருமுறை மின்சாரம் கொடுத்துவிட்டால் போர்டு சூடாகிவிடும். மறுபடி குளிர மறுநாள் ஆகும். அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனை. ஒரு நாள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினாள். ஒரு நாள் ரேமை மாற்றினாள். சேலத்திலிருந்து கேட்டு வாங்கிய வேறொரு பிராசஸரை வைத்துப் பார்த்தாள். நான் வாசலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துச் சொல்வேன். "ண்ணா, நேரம்" என்று அவள் குரல் கொடுத்ததும் குறித்துக்கொள்வேன். கைக்கு அகப்பட்டது என் அளவு நோட்டுத்தான். இடுப்பு இருபத்தாறு, நீளம் முப்பத்து நான்கு என்பதற்குக் கீழே, "பதினொரு டிகிரி. பதினைந்து நிமிடம். எழவில்லை."

பதினான்கு விடியலில் பதினொரு நாள் எழவில்லை. எழுந்த மூன்று நாளும் மேகம் மூடிக் குளிர் குறைந்திருந்த நாட்கள். அதற்கப்புறமும் அவளுக்குத் திருப்தியில்லை. எல்லா போர்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவள் ஒரு பழைய போர்டு வைத்திருக்கிறாள். அதே ரேம், அதே பிராசஸரை அதில் மாட்டி இன்னும் நான்கு விடியல் பார்த்தாள். நான்கு நாளும் அது மூன்று நிமிடத்தில் எழுந்தது.

பதினெட்டாம் நாள் காலையில் வெட்டு மேசையின் மேல், நான் அடுக்கி வைத்திருந்த நீலத் துணியில் தலைவைத்து அப்படியே தூங்கிப்போனாள். பக்கத்தில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கன்னத்தில் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்தபோது நான் விரலை உதட்டில் வைத்து மெதுவாகப் பேசச் சொன்னேன். அவர் திரை இடுக்கில் தெரிந்த அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "பாப்பா படிக்குதுங்களா?" என்றார்.

கம்பெனியின் சென்னை ஆபீசில் ஜெயபிரகாஷ் என்று ஒருவர். மரியாதையானவர். போனை மேசைமேல் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"மேடம், எங்ககிட்ட இந்தப் பிரச்சினை வரவே இல்ல. நீங்க மலை மேல வெச்சு டெஸ்ட் பண்றீங்க."

"மலையிலயும் மனுசங்கதானுங்க கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்க."

"ரெண்டு நிமிஷம் ஹேர் டிரையர் காட்டினா எழுந்துடுதுன்னு நீங்களே எங்களுக்கு மெயில்ல எழுதியிருக்கீங்களே?"

"எழுந்துருதுங்க. மாட்டு விலைக்கு வாங்கிப்போட்டு, தெனமும் அதுக்குத் தலை காயவெக்கச் சொல்லட்டுங்களா?"

அவரும் சிரித்துவிட்டார். பிறகு, சேலத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயம்தான் என்றாள் ஈவ்லின்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. கண்டக்டர், "ஏனுங்க, கேக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, போர்டுங்க."

"கடைக்குங்களா? என்ன பேரு எழுதியிருக்கீங்க?"

விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "இன்னும் எழுதலைங்க" என்றாள்.

சேலத்தில் அவளோடு முன்பு வேலை பார்த்த அன்வரின் கடையில் ராத்திரி முழுக்க அணைத்துவைத்துக் காலையில் போட்டார்கள். நாற்பது நொடியில் எழுந்துகொண்டது. மூன்று நாளும் அப்படியே. கிறிஸ்துமஸ் காலைப் பூசை அவளுக்குத் தப்பிப்போனது.

ஜனவரி பிறந்ததும் ஜெயபிரகாஷ் கூப்பிட்டார். "சந்தோஷம் மேடம். அதையே எழுதிடுங்க. சேலம் ரிசல்ட் மட்டும் போதும். அடுத்த ஆறு மாசம் வர்ற போர்டெல்லாம் யாருக்கு அனுப்பறதுன்னு இந்த வாரம் முடிவு பண்றாங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் கேட்டிருக்கார். உங்க பேரு முதல்ல இருக்கு. அது அங்கயே இருக்கணும்னு எனக்கு ஆசை."

"போர்டோட வந்த உங்க புஸ்தகத்துலயே பூஜ்யம் டிகிரியிலிருந்து ஓடும்னு போட்டிருக்குதுங்களே."

"அதெல்லாம் யாரு மேடம் படிக்கறாங்க?"

"சரிங்க" என்று போனை வைத்தாள். ஒப்புக்கொண்டாளா, கேட்டுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

மனசு கேட்காமல் நானே வாய் விட்டேன். "கண்ணு, சேலத்துல எழுந்ததும் உண்மைதான? பொய்யொண்ணும் இல்லியே. நொம்ப அலுத்துட்ட நீ."

"உண்மைதானுங்ண்ணா." கையை எடுக்காமலே சொன்னாள். "மேனகாக்கா ஊடு சேலத்துலயா இருக்குது?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

அன்று மத்தியானம் எழுதினாள். சேலத்து மூன்று நாளையும் எழுதினாள், ஏற்காட்டுப் பதினான்கு விடியலையும் எழுதினாள். என் நோட்டை வாங்கி, டிகிரி, நிமிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்தாள். அனுப்பிவிட்டு மேனகாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இது வேண்டாங்க."

மேனகாவின் குரல் திரையைத் தாண்டி வந்தது. "அய்யோ கண்ணு! தைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட ஒரு பழைய போர்டு இருக்குதுங்க்கா. கொஞ்சம் மெதுவா ஓடும். ஆனா குளிருல நாலு நாளும் எழுந்துச்சு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே கொண்டாந்து மாட்டித் தர்றனுங்க."

அதைக் கொடுத்துவிட்டால் இனி வரும் போர்டுகளை எதோடு வைத்து ஒப்பிடுவாய் என்று கேட்க வாயெடுத்தேன்.  திரையை விலக்கிப் பார்த்தேன். குழாயில் விரல் வைத்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய அந்தக் கறுப்பு போர்டை எடுத்து, ஊசிக் குழிக்கு மூடி போட்டு, பெட்டிக்குள் இறக்கினாள். மூடியின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளில் மேனகாவின் நகம் தூக்கிவிட்ட மூலை இன்னும் எழும்பியே நின்றது. அதன் மேல் வாயால் ஆவி ஊதி, முந்தானையால் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அது மறுபடி எழும்பியது. மறுபடி அழுத்தினாள், இந்த முறை விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.