விளங்காது என்று சொன்னேன்

பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில், தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் தேங்காய்ப்பூ கேட்டேன். அவர் கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதெல்லாம் இங்கன கிடையாது, பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் விற்கிறான் என்றார். துருவிய தேங்காயைத் தள்ளுவண்டியில் விற்கிற ஊரா இது என்று அதிசயப்பட்டுக்கொண்டு போனால், முளைவிட்ட தேங்காய்க்குள்ளிருந்து எடுத்த வெள்ளைக் குமிழ் ஒன்றை வெட்டி நீட்டினான். எங்கள் ஊரில் தேங்காய்ப்பூ என்றால் துருவிய தேங்காய். சம்பலுக்கு இதை எப்படிப் போடுவது? என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இந்த ஊர்க்காரர். தோஹாவில் ஒரே கம்பனியில் வேலை செய்தோம், கலியாணம் செய்தோம், மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் இங்கே வந்துவிட்டோம். நான் வாய் திறந்தாலே பஸ் கண்டக்டர் மலையாளமா என்று கேட்பார். இல்லை, யாழ்ப்பாணம் என்பேன். அதுக்கும் தலையாட்டுவார்.

சாவகச்சேரியில் இருக்கிற சொந்தங்கள், உனக்கென்ன, பாஷைக் கரைச்சல் இல்லாத ஊர் என்கிறார்கள். நோர்வேயில் இருக்கிற தங்கை பொறாமையே படுகிறாள். அவளுக்கு ஒன்று சொல்வேன். அன்னிய மொழியில் நீ பிழை விட்டால், பாவம், மொழி தெரியாதவள் என்று விட்டுவிடுவார்கள். சொந்த மொழியில் பிழை விட்டுப் பார். வேண்டுமென்றே சொன்னாள் என்றுதான் நினைப்பார்கள். போன மாதம் எனக்கு அதுதான் நடந்தது.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில்நுட்ப எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். ஆய்வறிக்கை எப்படி எழுதுவது, அட்டவணைக்கு எப்படித் தலைப்புப் போடுவது, பார்த்ததையும் நினைத்ததையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதுதான் பாடம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சோதனைக்கூடத்தில் விட்டால் வெளுத்து வாங்குவார்கள். பேனையைக் கையில் கொடுத்தால் மட்டும் எல்லோருக்கும் மேடைப் பேச்சு வந்துவிடும். சாக்கடை நீரைப் பற்றிய அறிக்கைகூட 'பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையை வளம் கொழிக்கச் செய்யும் வற்றாத ஜீவநதி' என்றுதான் இங்கிலீஷில் தொடங்கும். நன்றியுரை இரண்டு பக்கம் போகும். முடிவு என்று வரும் இடத்தில் 'நல்ல பலன் கிடைத்தது' என்று ஒரே வரி. நல்ல பலன் என்றால் எவ்வளவு, எந்த அலகில் என்று கேட்டால், நல்லாவே வந்துது மேம் என்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் உயர்தரம், இங்கத்தைய பிளஸ் டூ, படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் சண்டையில் இடம்பெயர்ந்து ஓலைக்கொட்டில் ஒன்றில் நடந்தது. ஆய்வுகூடம் இல்லை, ஒரு சோதனைக்குழாய்கூட இல்லை. என்ன நிறம் வரும் என்று ஆசிரியர் சொல்லுவார், நாங்கள் கண்ணால் கண்டதுபோல எழுதுவோம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விளங்குதோ, விளங்குதோ என்று கேட்பார். எல்லோரும் ஓம் என்போம். காணாத நிறத்தை எழுதிப் படித்தவளுக்கு, கண்ணால் கண்டதை ஒழுங்காக எழுதாத பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரியாதா?

ரஸியா அப்படி ஒரு பிள்ளை. மேலப்பாளையத்துக்காரி, சிவில் கடைசி வருஷம். மழை முடிந்து ஆறு கலங்கி ஓடியபோது பாபநாசத்திலும் சேரன்மாதேவியிலும் குறுக்குத்துறையிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, முருங்கை விதைப் பொடி போட்டால் கலங்கல் எவ்வளவு தெளிகிறது என்று அவளும் அவளுடைய தோழி இசக்கியம்மாளும் பார்த்தார்கள். அருமையான வேலை. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவித்தொகையோடு மேற்படிப்பு இருந்தது. அதற்கு ஆய்வின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் அனுப்ப வேண்டும். ரஸியாவுக்கு ஓர் இடத்திலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். ரியாத்தில் வேலை செய்யும் வாப்பா, அந்தப் படிப்புக்கு ஆள் எடுத்தால் கலியாணப் பேச்சைத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு பக்கத்தில்தான் அவளுடைய படிப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

திங்கட்கிழமை அவளுடைய உம்மா அவளோடு கல்லூரிக்கு வந்தார். பெரிய ஜவுளி வியாபாரியின் மகள். கணவர் ஊரில் இல்லாமலே வீட்டைக் கட்டி ஆள்பவர், பார்வையிலேயே அது தெரியும். பிள்ளை எழுதினது எப்படி இருக்கு என்று கேட்டார். ரஸியாவின் சுருக்கம் என் மேசையில் கிடந்தது. பாதிப் பக்கம் ஜீவநதி. முருங்கை விதை கடைசிக்கு முந்தின வரியில் எட்டிப் பார்த்தது. நான் மனதில் பட்டதை எங்கள் ஊர் வழக்கத்தில் அப்படியே சொன்னேன்.

"இப்பிடியே அனுப்பினால் இது விளங்காது, அம்மா."

அவர் முகம் இறுகிப்போனது. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவசரமாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ரஸியா வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வியாழன் காலை இசக்கியம்மாள் என் அறை வாசலில் வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன்.

"மேம், அவ எழுதுனது வெளங்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. அவ உம்மா அழுதுட்டாவ."

அதற்கென்ன, வாசிக்கிறவருக்குப் புரியாததை விளங்காது என்றுதானே சொல்ல வேண்டும் என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பயத்தோடு பார்த்தது. பிறகு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தது. இங்கே வெளங்காது என்றால் புரியாது என்று அர்த்தம் இல்லையாம். உருப்படாது, துலங்காது. வெளங்காத பய என்றால் ஒன்றுக்கும் உதவாதவன். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது யாராவது அப்படிச் சொன்னால் காரியத்தையே விட்டுவிடுவார்களாம். அதிலும் படிப்பித்தவர் வாயால் வந்த சொல் பலிக்குமாம். உம்மா அன்றைக்கே ரியாத்துக்குப் பேசிவிட்டார். டீச்சரே இப்படிச் சொன்ன பிறகு எதுக்கு என்று வாப்பாவும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்லப் போகிறாராம்.

ஐயோ கடவுளே, ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கே சாபம் போட்டிருக்கிறேனே! மாலை வகுப்பை ரத்துச் செய்துவிட்டு ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். உம்மா வாசலில் நின்று வாங்க என்றார். நாற்காலி போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, முகத்தில் சிரிப்புத்தான் இல்லை. ரஸியா கதவோரமாக நின்றாள். நான் பதற்றத்தில் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அண்டைக்குத் திங்கட்கிழமை நான் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லை என்று தொடங்கிவிட்டேன். அவ்வளவுதான், உம்மா சடாரென்று எழுந்துவிட்டார். வீடு தேடி வந்தும் அதையேதான் சொல்லுதிய என்றார். என் நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போல இருந்தது.

ரஸியாதான் குறுக்கே வந்தாள். மேம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் புரியாது என்றுதான் அர்த்தம், தனக்கும் இப்போதுதான் இசக்கி போனில் சொன்னாள் என்று உம்மாவிடம் பைய எடுத்துச் சொன்னாள். உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கணும், இல்லன்னா மார்க்கைக் குறைப்பேன்னு சொல்லுவியளாமே. ஒங்களுக்கு யாரு குறைக்கது?"

நியாயம்தான். நான் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வது அது. அவர், இதை என்னிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை, அவரிடம் சொல்லுங்கள் என்று ரியாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. வாப்பா சலாம் சொன்னார். நான் திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னேன். ரஸியா உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எங்க ரூம்ல யாழ்ப்பாணத்து ஆளு ஒருத்தரு இருக்காரு. விடிஞ்சா அடைஞ்சா விளங்குதோ, விளங்குதோன்னுதான் கேப்பாரு. மொத நாளு அவரை அடிக்கப் போயிட்டேன். நீங்களும் அந்த ஊருன்னு இவ சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் எதிரே உட்கார்ந்து சொல்லியும் ஏறாத என் தமிழ், கடல் தாண்டி அறையைப் பங்குபோட்டு வாழ்கிற ஒருவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நாளை பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன், அவர்களைக் காக்கவைப்பது லேசு இல்லை என்றார். பிறகு மகளை அழைத்தார். நீ அனுப்பு, ஆளெடுக்கிறார்களா பார்ப்போம், அதுவரைக்கும் நான் பேசிக்கிடுதேன் என்றார்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எழுதினோம். ஜீவநதியைத் தூக்கினோம். எந்த இடத்துத் தண்ணீரில் எவ்வளவு பொடி, கலங்கல் எவ்வளவு குறைந்தது என்று முதல் வரியிலேயே எண்ணைக் கொண்டுவந்தோம். பொதிகையையாவது விடுங்க மேம் என்று கெஞ்சினாள். விடவில்லை. குறுக்குத்துறைத் தண்ணீர் சரியாகத் தெளியவில்லை, அதை எழுதினால் கெடுதலாகாதா என்று பயந்தாள். கண்டதை எழுது, அதுதான் உன்னைக் காப்பாற்றும் என்றேன். அனுப்பி முடித்ததும் நான் செருப்பை மாட்டினேன்.

உம்மா வாசலில் மறித்தார்.

"டீச்சர், சொன்ன வாயாலேயே வெளங்கும்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

எனக்கு இந்த நம்பிக்கைகள் இல்லை. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. விளங்கும் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். அது ஒங்க ஊரு, எங்க ஊரு மாதிரி சொல்லுங்க என்றார். ரஸியா பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, வெளங்கும் என்றேன். உம்மா கண்ணை மூடி ஆமீன் என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. தினமும் அவள் போனைப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அந்தச் சொல்லை நான் மனதாரத்தான் சொன்னேன். பக்கத்தில் என் அம்மா நின்றிருந்தால் அவவுக்கு அது ஆசீர்வாதம் என்று விளங்கியிருக்காது.