பாத்தூமில் சூரியன் எந்தப் பக்கம்?

மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனாலும் ஜொகூரில் உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாத்தூம் என்ற ஊரின் சரித்திரத்தை என்னைப்போல் விளாச ஆள் கிடையாது. ஜார்ஜியா தேசத்தில் கருங்கடல் ஓரத்துத் துறைமுகம் அது. பின்னால் மலை, வருஷம் முழுக்க மழை. மலைக்கு அப்பாலிருந்து குழாயில் வரும் மண்ணெண்ணெய் அங்கேதான் கப்பலேறும். துருக்கிக்காரனிடமிருந்து ருஷ்யாக்காரன் அந்த ஊரைப் பிடுங்கினான். பெரிய உலகச் சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் போய் உட்கார்ந்தான்.

அந்த வெள்ளைக்காரனோடு பட்டாளத்தில் நானும் போனேன் என்பது மட்டும் நானே ஒட்டவைத்த வால். போனவன், நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில் என் பக்கத்தில் படுத்திருந்த, பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டியவன். அவன் பினாங்கில் இறங்கிவிட்டான். கதை என்னோடு ஜொகூருக்கு வந்தது. பட்டாளத்தான் என்று நம்பித்தான் எனக்கு ஸ்டோரில் ஜாகா வேலை கொடுத்தார்கள். ராவும் பகலும் காவல், கூடவே ஒழுகாத ஓர் அறை. மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

ஒரு காலையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரித்தால் எனக்கு ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அன்று சிரித்தார்.

"டேய் பட்டாளம்! புதுத் துரையும் பாத்தூமிலை இருந்தவராம். உன்னோடை கதைக்க வேணுமாம், வா."

"போயிட்டு வாங்க," என்றாள் மனைவி. "உங்களுக்குத் தெரியாத பாத்தூமா?"

கிராணி பின்னால் வர, துரையின் பங்களா மேட்டில் ஏறினேன்.

"அங்கே மழை எப்படி?" என்று துரை தமிழிலேயே கேட்டார்.

"நிக்காதுங்க துரை."

"மலை?"

"முதுகுப் பக்கங்க."

துரை தலையாட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. என்னை எப்போதும் கெடுப்பது அதுதான்.

"காலையில கடலுக்குள்ளேருந்து சூரியன் வரும் பாருங்க துரை, அடடா!"

தலையாட்டல் நின்றது. நாகப்பட்டினத்தானுக்குக் கடல் என்றாலே கிழக்குதானே.

"அந்த ஊர்லே சூரியன் கடல்லே வராது," என்றார். "கடல்லே விழும்."

கிராணி பின்னால் செருமினார். ஒழுகும் கூலி லயத்து வீட்டில் பிள்ளையோடு சுருண்டு கிடக்கும் மனைவி என் கண்ணுக்குத் தெரிந்தாள். அப்படியே தரையில் விழுந்தேன்.

"நான் போகலீங்க துரை! கப்பல்ல ஒரு கழுதைக்காரன் சொன்னதுங்க. பொஞ்சாதி நெறமாசங்க, வெளியே தள்ளிடாதீங்க!"

"அவன் வேறே என்ன சொன்னான்?"

"பட்டாளம் திரும்பினப்போ கழுதைங்கள அங்கேயே விட்டுட்டாங்களாம். அதுங்க கரையில நின்னு கப்பலையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். சொல்றப்பவே அவன் அழுதுட்டான் துரை."

துரை ரப்பர் மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நிஜம்," என்றார். "பிள்ளே பொறக்கிற வரைக்கும் ரூம்லே இரு. அப்புறம் காலி பண்ணிட்டு ரப்பர் பால் வெட்டப் போ."

அறைக்குத் திரும்பினேன்.

"துரை என்னங்க சொன்னாரு?"

"அந்த ஊர்ல சூரியன் கடல்ல விழும்னாரு."

"இதைச் சொல்லவா கூப்பிட்டாரு? உங்களுக்குத் தெரியாததா!" என்றவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "லேசா வலிக்குதுங்க."

இன்னும் பத்து நாளாவது தள்ளிப் பிறக்கட்டும் தாயே என்று மாரியம்மனைக் கும்பிட்ட தகப்பன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.