நுளம்புக்குக் கொடுத்த கை

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் முப்பத்தேழு. ஒவ்வொன்றின் எண்களையும் மூன்று தடவை சரிபார்த்த பிறகே அனுப்பினேன். இருந்தும் ஒன்றில் ஓர் எண் பிழை. தெரிந்தே விட்ட பிழை. நுளம்புகளுக்கு இரத்தம் கொடுத்தவர் ஒருவர் என்று அதில் இருக்கிறது.

மலேரியாவைப் பரப்பும் நுளம்பில், மருந்தடித்தும் சாகாத ஒரு வகையைப் பொரளையிலிருந்த எங்கள் ஆய்வுகூடத்தில் வளர்த்துவந்தேன். வன்னியில் ஒரு மாட்டுக்கொட்டிலில் பிடித்த பதினொரு பெண் நுளம்புகளின் வழிவந்தவை அவை. பிறகு சண்டையால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கூண்டில் உள்ளவை அழிந்தால் மூன்று வருட வேலையும் அழிந்துவிடும். பெண் நுளம்பு இரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். ஆகவே மூன்று நாளுக்கொரு தடவை, கூண்டின் துணிவாசல் வழியே என் இடக்கையை உள்ளே விட்டு, பத்து நிமிடம் அசையாமல் இருப்பேன். வலக்கை குறிப்பெழுத வேண்டும். கூண்டிலேயே பிறந்த நுளம்புகள் என்பதால் நோய்ப் பயம் இல்லை.

அந்த வெசாக் விடுமுறையில் எனக்கு நெஞ்சுச் சளியும் கடுங்காய்ச்சலும். எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உதவியாளர் ஊருக்குப் போயிருந்தார். நுளம்புகள் குடித்து நாலு நாளாகியிருந்தது. முதுகுக்கும் நெஞ்சுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் அதை நாலைந்து தடவை சொல்லிப் புலம்பியிருப்பேன். அவளுக்கு நுளம்பென்றாலே அருவருப்பு. ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் அங்குள்ள காவலாளியின் அறையிலிருந்து அவள் தொலைபேசி எடுத்தாள்.

"ஒண்டும் கிட்ட வருகுதில்லை. எல்லாம் மற்றப் பக்கத்தில போய் ஒட்டிக்கொண்டு நிக்குதுகள். என்னைப் பிடிக்கேல்லைப் போல."

இருட்டில்தான் அவை கடிக்கும், கறுப்புத் துணியால் கூண்டை மூடினாளா என்று கேட்டேன். மூடினாளாம். அப்போதுதான் என் நெஞ்சிலிருந்து தைலம் மணத்தது.

"எந்தக் கையை விட்டனீர்?"

"வலக்கையைத்தான். சாப்பாடு குடுக்கிறது, இடக்கையாலயே குடுக்கிறது?"

தைலம் தேய்த்ததும் அதே கையால்தான். கழுவினாலும் அன்று முழுக்கப் போகாத மணம். இடக்கையை விடச் சொன்னேன். "அதுகள் குறை நினைக்காட்டிச் சரி" என்று வைத்துவிட்டாள்.

பின்னேரம் திரும்பி வந்து கட்டிலோரம் இருந்து கையை நீட்டினாள். முழங்கைவரை தடிப்பு. கடிகளை வழியில் எண்ணிப் பார்த்தாளா என்று கேட்டேன், இல்லையாம். அவளை யாராவது தண்டிக்கிறார்களா என்று காவலாளி சிங்களத்தில் கேட்டு, விசிறக் கடதாசி கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னாள். நான் எண்ணினேன். முதல் தடவை ஐம்பத்திரண்டு, இரண்டாம் தடவை ஐம்பத்துநாலு. மூன்றாவதாகத் தொடங்கியபோது மெல்லக் கேட்டாள்:

"எண்ணி முடிஞ்சா சொல்லுங்கோ. சொறியாமல் வைச்சிருக்கிறன்."

பொரளையிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீடு வரை, விடுமுறைக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றபடி, என் கணக்குக் குழம்பக்கூடாதென்று சொறியாமல் வந்திருக்கிறாள். மூன்றாம் தடவை எண்ணவில்லை. அந்தக் கையை என் மடியில் வைத்து ஈரத்துணியால் ஒற்றினேன்.

மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் முட்டைகள் கரும்பொடி தூவினாற்போல் மிதந்தன. இனம் தப்பிவிட்டது. ஆனால் வெளியார் கை விடுவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும், நான் வாங்கவில்லை. அதனால் ஒருவர் என்றே எழுதினேன்.

இப்போது நாட்டில் மலேரியா இல்லை. அந்தக் கட்டுரையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் எண்பத்தொரு வயதில் நித்திரை வராதபோது அந்த ஒன்று வந்து நிற்கிறது. போன கிழமை திருத்தக் கடிதம் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இரண்டு பேர் எண்டு போடுங்கோ, ஓம். இடக்கை எண்டு மட்டும் போடாதேங்கோ."

கடிதத்தில் போடவில்லை.