மாடு போட்ட தையல்

பிள்ளைகளே, என் வயிற்றில் இருக்கும் ஒரு சாண் தழும்பு பொங்கலுக்கு மாடு விடும்போது கொம்பு குத்தி வந்தது என்று பள்ளிக்கூடம் பூராவும் பெருமையடித்தீர்கள். அது நான் சொன்ன புளுகு. கல்யாணத்துக்கு முன்னால் குடல் புண் வந்து, இரைப்பையில் பாதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். அரை வயிற்றுக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மாட்டை அடக்கியவனுக்குக் கொடுப்பார்கள். உங்கள் அம்மா அதை நம்பி, ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவில் வரும் மாட்டையெல்லாம் திட்டித் தீர்த்தாள்.

போன வருஷம் என் கண், தோல் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. பித்தக் குழாயில் கல். எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?" என்று கேட்டார்.

"ஆபரேஷனா? மாடு குத்துச்சு சார்! கொடலே வெளிய வந்துட்ச்சாம்!" என்றாள் உங்கள் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். உயிரைவிட மானம் பெரிதாகத் தெரிந்த நேரம்.

கல்லை எடுக்க வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது, கல்லை எடுக்க முடியாமல் டாக்டர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கீழ ஒரு வாசல் இருக்க வேண்டிய இரைப்பைல ரெண்டு வாசல் இருக்குது. ஏமய்யா, மாடு உள்ள போய் தையலும் போட்டுச்சா?"

உண்மையைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கல் தானாகவே கரைந்திருக்க வேண்டும்.

டாக்டர் விளக்கினார். மற்றவர்களுக்கு மேலிருந்து இறங்கிப் பித்தக் குழாயின் வாயைப் பிடிக்கலாம். எனக்குப் பாதையையே மாற்றித் தைத்திருக்கிறார்கள். குடலைச் சுற்றிப் போய்க் கீழிருந்து ஏற வேண்டும். எல்லாம் தலைகீழாகத் தெரியும். நுனியில் பலூன் வைத்த நீளக் குழாயால், குடலைச் சுருக்கிச் சுருக்கி முன்னே போகலாம். அதுவும் எட்டாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

"பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரியா சார்? துணிய சுருக்கிக்கினே ஊக்கைத் தள்ளுவோமே."

"அதேதாம்மா!"

"நாடா பாதில சிக்கிக்கினா?"

டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டினார். அம்மா அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அந்த நீளக் குழாயை விட்ட பிறகு கண் விழித்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள்.

"எட்டிட்ச்சு. கல்லு வந்துட்ச்சு. ஊருக்குப் போனதும் மாட்டுக் கால்ல வுழு. குத்தாத குத்துக்கு இத்தினி வருஷம் எங்கிட்ட திட்டு வாங்கிக்கினு கீது."

அடுத்த பொங்கலன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எதிர்வீட்டு மாட்டின் முன்னால் நின்றேன். அம்மா வாசலில் காவல். மாடு பழத்தைத் தோலோடு தின்றது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.