கம்பியில்லாத போனும் சேத்தூர் மாப்பிள்ளையும்

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து கம்பியில்லாத போன் ஒன்று வாங்கிவந்தார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல். கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை பேசிக்கொண்டே போகலாம். எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்ச நாளிலேயே அது பாதிப் பேச்சில் செத்துப்போக ஆரம்பித்தது.

அப்போது பட்டாளத்திலிருந்த மகனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்திருந்தோம். போட்டோவும் அனுப்பியாயிற்று. அவன் வாயிலிருந்து சம்மதம் என்று ஒரு வார்த்தை வரவேண்டும். நாங்கள் அவனைக் கூப்பிட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று அவன்தான் கூப்பிடுவான். "அம்மா, போட்டோ வந்துச்சு. அந்தப் பொண்ணு..." என்பான். கொர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் அதே கதை.

லைன்மேன் வந்து, தான் கொண்டுவந்த போனை மாட்டிப் பேசிப்பார்த்தார். லைன் சுத்தம் என்றார். டிவி பக்கத்தில் வைத்ததுதான் கோளாறு என்று வீட்டுக்காரர் அதை ஜன்னலுக்கு மாற்றினார். ஏரியலை இழுத்து நீட்டினார். பக்கத்துத் தறிக்கூடத்தில் கரண்டு இழுக்கிறது என்று அவர்களோடு சண்டைக்கும் போனார். அது இரண்டு நாள் நன்றாகப் பேசும், மூன்றாம் நாள் படுத்துவிடும். தூக்கி எறியலாம்போல எனக்கு ஆத்திரம்.

அதற்குள் பெண்ணின் தகப்பனார் பொறுமை இழந்துவிட்டார். சேத்தூரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டிருந்தார்களாம். ஒரு ஞாயிறு காலை நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுசர், அன்று 'அம்மா' என்றார்.

"பையனுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிருங்கம்மா. போனு மேல பழி போட வேண்டாம்."

என் வீட்டில் வந்து என்னைப் பொய்க்காரி என்கிறார். நீங்களே எடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் போனை அது உட்காரும் மேடையிலிருந்து எடுத்தார். விரலில் சந்தனம் ஒட்டியது. மேடைக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கரண்டு ஏறுற தகட்டுல சந்தனத்த அப்பி வச்சிருக்கீய. பொறவு எப்படி சார்ஜ் ஏறும்?"

வெள்ளிதோறும் பீரோ, டிவி, தையல்மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் வழக்கம். முகப்பில் வைத்தால் கறை படியுமென்று வீட்டுக்காரர் திட்டியதால், போனுக்கு மட்டும் குழிக்குள் வைத்தேன். காய்ந்து உதிர்ந்தால் பேசியிருக்கிறது, புதிதாக வைத்தால் படுத்திருக்கிறது.

"வெள்ளிக்கெழம பொட்டு வைக்காத வீட்டுலயா அண்ணே பொண்ணக் குடுப்பீய?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் தகட்டைத் துடைத்து, போனைத் திரும்ப வைத்தார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியொன்று எரியவேண்டும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

மகன் கூப்பிடும்வரை அவரை விடவில்லை, சாப்பிட வைத்தோம். சாயங்காலம் மணி அடித்ததும் அவரே பாய்ந்து எடுத்தார். "மாப்பிள்ள" என்றார். சம்மதம் கேட்டார், கிடைத்தது. அதோடு விட்டாரா? ஊர், குளிர், சாப்பாடு, லீவு எல்லாம் விசாரித்தார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். என்னிடம் கொடுத்தபோது, வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று அவன் வைத்துவிட்டிருந்தான்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் பேச்சு கூடத்தில் நடந்தது. நான் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு செத்த நேரம் அங்கேயே நின்றேன்.