மூன்றாவது நிறம்

புனிதமலருக்கு "ஓம்" என்று சம்மதம் சொல்ல வாய் தேவைப்பட்டதே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், அவ்வளவுதான். அவளுடைய ஊரான பேசாலையில் பிறந்த எவருக்கும் அது விளங்கும். இத்தாலிய நகரமான பலெர்மோவில், கால்சாப் பகுதியில் அவள் வீட்டுவேலை செய்த எசமானி சிஞ்ஞோராவுக்கும் ஒன்பது வருடத்தில் நன்றாகவே பழகிவிட்டது. புனிதமலர் என்ற பெயர்தான் கடைசிவரை வாயில் நுழையவில்லை. மரியா என்றே கூப்பிட்டாள்.

சிஞ்ஞோரா ஓவியக்காரி. மரமும் வரைய மாட்டாள், முகமும் வரைய மாட்டாள். வட்டம், சதுரம், முக்கோணம், ஒன்றன்மேல் ஒன்றாக. தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலம் முழுதும் அவற்றோடு மாரடித்தாள். ஒரு படமும் சரிவரவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த புனிதமலருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. மேலே இருக்கும் வட்டம் கீழே இருக்கும் சதுரத்தை மூடிக் கொன்றுவிடுகிறது என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். சிஞ்ஞோரா முறைத்தாள். மறுநாள் புனிதமலர் மெல்லிய கலர்க் கடதாசி வாங்கிவந்து, கிறிஸ்து பிறந்த நத்தாருக்குத் தொங்கவிடும் நட்சத்திரக்கூட்டுக்கு வெட்டுகிற மாதிரி வெட்டி, யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். மஞ்சள் வட்டமும் நீலச் சதுரமும் சந்தித்த இடத்தில் பச்சை பிறந்தது. இரண்டில் ஒன்றும் மறையவில்லை.

அதன்பிறகு நாலு மாதம் அவள் கண்ணாடியில் ஒட்டுவாள், சிஞ்ஞோரா பார்த்துப் பார்த்துத் தீட்டுவாள். பதினொரு படங்கள். அதற்காகத் தரை துடைப்பதில் ஒரு அறைகூடக் குறையவில்லை.

கண்காட்சிக்கு முன் சிஞ்ஞோரா கேட்டாள்: "சுவரில் உன் பெயரையும் போடட்டுமா, மரியா?"

புனிதமலர் தலையைச் சாய்த்தாள்.

அன்று வீட்டில் புருசன் அலோசியஸிடம், "முழுப் பேரையும் போடச் சொல்லவோ?" என்று கேட்டாள்.

"ஓம், சொல்லு. மரியா எண்டு போட்டால் நீயெண்டு ஆருக்குத் தெரியும்?"

பிழைவிடாமல் பார்த்தெழுதட்டும் என்று இத்தாலிய எழுத்தில் தன் பெயரைப் பெரிதாக ஒரு துண்டில் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள் பேதை.

திறப்புவிழா ஒரு ஞாயிறு மாலை. வாசலில் இருந்த பலகையில் சிஞ்ஞோராவின் பெயர் மட்டும் இருந்தது. புனிதமலர் எல்லாச் சுவர்களையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய தட்டை அவள் கையில் கொடுக்க வந்த சிஞ்ஞோராவிடமே கேட்டாள்.

"நீதானே வேண்டாம் என்று தலையாட்டினாய்?" என்றாள் சிஞ்ஞோரா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அதற்கு முதல்நாள் சிஞ்ஞோரா, "நாளைக்கு ஞாயிறுதான், ஆனாலும் குவளை கழுவ விடியவே வருவாயா?" என்று கேட்டபோதும் புனிதமலர் அதே பக்கம்தான் தலையைச் சாய்த்தாள். காலை ஏழு மணிக்கு அவள் போனபோது, சிஞ்ஞோரா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.